விருந்தினர் கிண்ணமும் விற்காத கூடையும்



வாடகை, கடன், கொள்முதல், ஆள் தட்டுப்பாடு என்று பெரிய விஷயங்களைப் பற்றி எழுதுவதற்கு இந்த இதழில் அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தவிர வேறு படிப்பறியாத நாம், இம்முறை ஒரு கிண்ணம் பழத்தைப் பற்றி எழுதப் போகிறோம். இது அடுப்படிச் சமாசாரம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடையில் காப்பாற்றி வந்த நாணயத்தை, நம் வீட்டு மேசையில், ஒரு கிண்ணம் பழத்துக்காக இழந்தோம். அதை எப்படி இழந்தோம் என்பதையே இங்கு சொல்ல வருகிறோம்.

நாம் வாழும் பினாங்குத் தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே கோடை என்றும் குளிர் என்றும் காலம் பிரிவதில்லை. பெய்தால் மழை, நின்றால் வெயில், அவ்வளவுதான். ஆனால் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் ஊரிலிருந்து உறவினர்கள் புறப்பட்டு வருகிறார்கள். அவர்களுடைய கோடைதான் நமக்கும் கோடை. விமானத்தில் வந்து இறங்கி, வேர்த்து விறுவிறுத்து வாசற்படி ஏறுகிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் நெய்ச்சோற்றை நீட்ட முடியுமா? முதலில் தண்ணீர், அதன் பின் குளிர்ச்சியாகக் கொஞ்சம் பழம். பப்பாளியும் வாழையும் அன்னாசியும் இந்நாட்டில் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை பெர்லிஸ் மாநிலத்து ஹாருமானிஸ் மாம்பழமும் வந்துவிடும். ஆகவே பழத்துக்குப் பஞ்சமில்லை. எந்தப் பழத்தை எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நமக்கு மளிகைக் கடை. வாசலில் ஒரு பலகை போட்டுப் பழமும் விற்கிறோம். பழம் விற்கிற கடைக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பலகைக்கு அடியில் ஒரு கூடை இருக்கும். மேலே இருப்பது விற்பதற்கு. அடியில் இருப்பது விலை போகாமல் ஒதுக்கியது. தோலில் கரும்புள்ளி விழுந்த வாழை, விரல் பட்டால் அமுங்குகிற பப்பாளி, இறக்கும்போது ஒரு பக்கம் அடிபட்ட அன்னாசி. அன்றாடம் கடை சாத்தும்போது அந்தக் கூடையில் நல்லதாக இருப்பதைப் பார்த்து வீட்டுக்கு எடுத்துப் போவது நம் வழக்கம்.

சென்ற ஆண்டு மே மாதம், ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியிருந்தோம். நம் துணைவியாரின் தாய்மாமன் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் இந்நாட்டிலேயே கடை நடத்தி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஊரோடு போய்விட்டவர். வீட்டிலிருந்து நம் ஒன்பது வயது மகன் பையோடு வந்து நின்றான். "மாமா வந்திருக்காங்களாம், பழம் கொடுத்தனுப்பச் சொன்னாங்க உம்மா" என்றான்.

பலகையின் மேல் ஹாருமானிஸ் இருந்தது. காலையில்தான் இறக்கியது. நம் கை அதன் பக்கம் போயிற்று. போன கை பாதியில் நின்றது. கிலோ என்ன விலை என்பது மனத்தில் ஓடிற்று. பிறகு கை கீழே இறங்கிக் கூடைக்குள் நுழைந்தது. ஒரு பப்பாளி, ஒரு சீப்பு வாழை, அந்த அடிபட்ட அன்னாசி. பையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நம் மகன். எங்கிருந்து எது எடுக்கப்பட்டது என்பதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அரை மணி நேரத்தில் கடையை ஆளிடம் விட்டுவிட்டு நாமும் வீட்டுக்குப் போனோம். பழத்தை நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, குளிரவைத்துக் கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். மாமா ரசித்துச் சாப்பிட்டார்.

"பப்பாளி தேனா இருக்கே மாப்பிள்ளை! இந்த மாதிரிப் பழம் நல்ல விலை இருக்குமே?" என்றார்.

"கடையிலே இருக்கிறதிலேயே நல்லதா, உங்களுக்குன்னு பொறுக்கி எடுத்து அனுப்பினது மாமா" என்று நம் வாய் சொல்லிற்று.

தண்ணீர்க் குவளையோடு நின்ற மகன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. குவளையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அந்தப் பார்வை அன்றிரவு நம்மைத் தூங்கவிடவில்லை.

சகோதரர்களே, இதில் என்ன குற்றம் என்று சிலர் கேட்கலாம். நாமும் நம்மையே அப்படித்தான் கேட்டுக்கொண்டோம். நமக்கு நாமே வக்கீலாக நின்று வாதாடியும் பார்த்தோம்.

முதல் வாதம், பழத்தின் தரம் பற்றியது. வாழைப்பழத்தின் தோலில் புள்ளி விழுவது கெட்டுப்போனதற்கு அடையாளம் அன்று. காயில் இருந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பழம் நன்கு கனிந்துவிட்டது என்பதற்கே அடையாளம். பப்பாளியும் மாம்பழமும் அப்படியே. பறித்த பிறகும் கனியக்கூடியவை. வாடிக்கையாளர் கெட்டியான பழத்தைக் கேட்பது, வீட்டில் இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக. இன்றைக்கே சாப்பிடப் போகிறவருக்கு நேற்று விலை போகாத பழம்தான் அதிக இனிப்பு. ஆகவே மாமாவுக்கு நாம் கொடுத்தது கெட்ட பழம் அன்று. அதே கூடையிலிருந்துதான் நம் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

இரண்டாவது வாதம், விரயம் பற்றியது. உண்ணத்தக்க பொருளைக் குப்பையில் கொட்டுவது இஸ்ராஃப், அது பாவம். வீணாகப் போவதைப் பயன்படுத்தியது நன்மைதானே?

இவ்வளவும் சரிதான். நம் வேதத்திலும் இதையொட்டி ஓர் எச்சரிக்கை உண்டு. மதீனாவில் ஏழைகளுக்கென்று பள்ளிவாசலில் பேரீச்சங்குலைகளைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அதில் சிலர் மட்டமான குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டல்லாமல் நீங்களே வாங்கமாட்டாத பொருளைத் தேடிப் பிடித்துத் தர்மம் செய்யவேண்டாம் என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயத்தில் வரும் வசனம் அதையொட்டியே இறங்கியதாக விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் நாம் தப்பித்துக்கொள்ளலாம். அந்தப் பப்பாளியை நாம் கண்ணைத் திறந்துகொண்டே சாப்பிடுவோம்.

பின், எங்கே குற்றம்? மகன் ஏன் அப்படிப் பார்த்தான்?

இரவெல்லாம் புரண்டு படுத்தபோது நினைவுக்கு வந்தது மதரஸாவில் கேட்ட வேறொரு வரலாறு. வியாபாரிகளான நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். நனைந்த தானியத்தை விற்காதே என்று அவர்கள் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மறைக்காதே என்றுதான் கண்டித்தார்கள்.

இந்தப் பாடத்தைக் கடையில் நாம் ஓரளவு காப்பாற்றி வருகிறோம். "அக்கா, இந்தப் பப்பாளி இன்னைக்கே சாப்பிட்டுடணும், நாளைக்குத் தாங்காது" என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுக்கிறோம். யாரென்றே தெரியாத வாடிக்கையாளருக்குச் சொல்லும் உண்மையை, கடல் கடந்து வந்த பெரியவருக்குச் சொல்லாமல் விட்டோமே! சொல்லாமல் விட்டதோடு நிற்கவில்லை. உங்களுக்கென்று பொறுக்கியது என்று அன்பையும் சேர்த்து அல்லவா பொய்யாக்கினோம்! பழத்தில் குறையில்லை. கை கூடைக்குள் போனதில்கூடப் பெரிய குறையில்லை. "பொறுக்கி எடுத்தது" என்ற அந்தச் சொல்லில்தான் ஈரம் இருந்தது. அதை மேலே பூசி மறைத்தோம்.

இப்படி உணர்ந்தவுடன் நாம் திருந்திவிட்டோம் என்று எண்ணவேண்டாம். ஒரு பள்ளத்திலிருந்து ஏறி மறுபக்கத்துப் பள்ளத்தில் விழுந்தோம். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு வாரம் கழித்து நம் ஊர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். உணவுக்கடையில் தண்ணீர் கலக்கும் வேலை பார்ப்பவர். விடுமுறைக்காக மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்து, அவருடைய வாடகை அறையில் தங்கியிருந்தார்கள். முன்பு செய்த பிழைக்குப் பரிகாரம் செய்கிற வேகத்தில் நாம் பேரங்காடிக்குப் போனோம். வெளிநாட்டுத் திராட்சை, செர்ரி, சர்க்கரைப் பாகில் ஊறிய டின் பழக்கலவை, இரண்டு தினுசு ஐஸ்கிரீம், மேலே தூவ முந்திரி. மேசையில் இடம் போதவில்லை. பிள்ளைகள் குதூகலித்தார்கள். அவர் மட்டும் ஒரு கரண்டி எடுத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் நம்மை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்திருந்தார். அந்த ஞாயிறு வந்தது. அழைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு கடைப்பக்கம் வந்தபோது நாமே கேட்டோம். "ரூம் சின்னது பாய், உங்களுக்கு வசதிப்படாது" என்று தலையைச் சொறிந்தார். அவருடைய குடும்பம் ஊருக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் கையால் ஒரு வாய் சாப்பிடும் பாக்கியம் நமக்குக் கிட்டவில்லை. நம் மேசையில் நாம் அடுக்கிய தட்டுகளே அவர் வீட்டுக் கதவை நமக்கு அடைத்துவிட்டன.

விருந்து என்பது போக்குவரத்து. இன்று அவர் இங்கே, நாளை நாம் அங்கே. திருப்பிச் செய்ய முடியாத அளவுக்கு ஒருவருக்குச் செய்வது உபசாரம் அன்று. அவர் தலையில் கடனை ஏற்றுவது. வியாபாரத்தில் ஒருவரைக் கடனாளியாக்கிக் கைக்குள் வைத்துக்கொள்பவனை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போம்? உபசாரத்தில் அதையே செய்தால் மட்டும் கொடையாளி ஆகிவிடுவோமா?

மாமாவுக்குக் கூடைப் பழத்தை வைத்ததும், ஊர்க்காரருக்குச் செர்ரியை வைத்ததும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம். முதலில் நம் பணப்பையை நினைத்தோம்; இரண்டாவதில் நம் பெருமையை நினைத்தோம். இரண்டு வேளையும் எதிரே அமர்ந்திருந்த மனிதரை நினைக்கவில்லை.

ஆகவே நாம் இப்போது இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று: இதை விருந்தினரோடு ஒரே தட்டில் உட்கார்ந்து நாமும் சாப்பிடுவோமா? இரண்டு: இது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்ல நா கூசுமா? கூசாது என்றால் அது கூடைப் பழமாக இருந்தாலும் வைக்கலாம். கூசும் என்றால் பலகைப் பழமாக இருந்தாலும் வைக்கக்கூடாது. நம் முன்னோர் சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து உண்டதில் இந்த நியாயம் இருக்கிறது. ஒரே தட்டில் கை போடுகிறபோது, விருந்தாளிக்கு ஒன்றும் வீட்டுக்காரனுக்கு ஒன்றும் என்று பிரிக்க வழியில்லை.

இனி, அந்தக் கிண்ணத்தை எப்படித் தயாரிப்பது என்றும் சொல்லிவிடுகிறோம். இப்போது இது நம் வீட்டில் ஆண்பிள்ளைகள் வேலை.

பழம் மூன்று வகை போதும். பப்பாளி, அன்னாசி, வாழை. மாம்பழம் மலிந்திருந்தால் அதையும் ஒன்று சேர்க்கலாம். அன்னாசியை மட்டும் வாங்கும்போதே மணம் பார்த்து வாங்கவேண்டும். ஏனெனில் பறித்த பிறகு அதன் இனிப்பு கூடுவதில்லை. ஜொகூரின் கரிமண் நிலங்களிலிருந்து நல்ல அன்னாசி வருகிறது. அடிபட்ட பக்கம் இருந்தால் தாராளமாக வெட்டி எறியவும். கனிந்தது வேறு, கெட்டது வேறு. பூஞ்சை பிடித்த மென்மையான பழத்தை முழுதாக எறிந்துவிடவேண்டும். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. புளித்த வாடை அடித்தாலும் அப்படியே. அங்கே விரயம் என்ற பேச்சு எடுபடாது. விருந்தினரின் வயிறு நம் குப்பைத்தொட்டி அன்று.

பப்பாளியையும் அன்னாசியையும் விரற்கடை அளவுத் துண்டுகளாக நறுக்கி, லீமாவ் கஸ்தூரி என்னும் சின்ன எலுமிச்சை நாலைந்தைப் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் புரட்டவும். உப்பு, அன்னாசியின் கடுப்பைத் தணித்து இனிப்பை எடுத்துக் காட்டும். மூடி, ஐஸ்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் பழங்கள் தாமே சாறு விட்டுக்கொள்ளும். வாழைப்பழத்தை மட்டும் கடைசியில், பரிமாறும் நேரத்தில் நறுக்கிச் சேர்க்கவேண்டும். முன்னதாகச் சேர்த்தால் கறுத்துக் குழைந்துவிடும். எலுமிச்சைச் சாறு படுவதால் கறுப்பது கொஞ்சம் தாமதப்படும்.

பால் சேர்க்க ஆசைப்படுவோர் கவனிக்கவும். பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் பாலைத் திரித்துக் கசக்கச் செய்யும் பொருள் இருக்கிறது. வேண்டுமானால் சாப்பிடும் நேரத்தில் மேலாகத் தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி விட்டுக்கொள்ளலாம். குலா மெலாக்கா வெல்லத்தைப் பாகு காய்ச்சித் தனிக் கிண்ணத்தில் வைக்கவும். பழத்தின் மேல் ஊற்றிவிட வேண்டாம். ஊரிலிருந்து வரும் பெரியவர்களில் பலருக்கு இன்று நீரிழிவு. "எனக்குச் சர்க்கரை, வேண்டாம்" என்று பிறர் வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு அவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். கேட்காமலே தனியாக வைத்துவிட்டால் அவர்கள் கூச்சப்படவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம். நம் நாட்டு வெக்கையில் வெட்டிய பழத்தை நெடுநேரம் வெளியே வைக்கலாகாது. ஆகவே அளவாகச் செய்யவும். தீர்ந்தால் இன்னொரு பழம் நறுக்க எத்தனை நேரம் ஆகும்?

அவ்வளவுதான். செலவு சொற்பம். திருப்பிச் செய்ய யாராலும் முடியும்.

இவ்வாண்டு ஏப்ரல் மாதம் மாமா மறுபடியும் வந்தார். அன்றும் கூடையிலிருந்துதான் பப்பாளி எடுத்தோம். ஒரு ஹாருமானிஸ் பலகையிலிருந்து எடுத்தோம். கிண்ணத்தை நடுவில் வைத்து, மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னோம்:

"மாமா, மாம்பழம் இன்னைக்கு வந்தது. பப்பாளி விக்காம ஒதுக்கினது, நல்லா கனிஞ்சிருக்கு. போன வருஷம் உங்களுக்கு வெச்சதும் ஒதுக்கின பழம்தான். பொறுக்கி எடுத்ததுன்னு பொய் சொல்லிட்டோம். மன்னிக்கணும்."

மாமா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "தெரியும் மாப்பிள்ளை" என்றார். "முப்பது வருஷம் பழக்கடை வெச்சிருந்தவனுக்கு, வெட்டின துண்டைப் பார்த்தாத் தெரியாதா? கடைக்காரன் வீட்டிலே வேறென்ன கிடைக்கும்? நானும் என் விருந்தாளிங்களுக்கு அதைத்தான் வெச்சேன். ஆனா அன்னைக்கு இந்தப் பையன் முகத்தைப் பார்த்தேன். அதுதான் எனக்கு ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் மனசிலே கிடந்தது."

நாம் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை. மகன் கிண்ணத்திலிருந்து ஒரு மாம்பழத் துண்டை எடுத்து மாமாவின் தட்டில் வைத்துவிட்டு, ஒரு பப்பாளித் துண்டைத் தான் எடுத்துக்கொண்டான்.

வணிகச் சகோதரர்களே! நம் பிள்ளைகள் நாளை நம் தராசில் உட்காரப் போகிறவர்கள். நாணயம் என்பதை நாம் அவர்களுக்குக் கடையில் வைத்துக் கற்பிப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர்களோ வீட்டு மேசையில், விருந்தாளிக்கு எதிரே, நாம் எதிர்பாராத வேளையில் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த விடுமுறையில் உங்கள் வாசற்படி ஏறி வருகிறவர்களுக்கு உங்களிடம் உள்ளதை வையுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி வையுங்கள். நீங்களும் அதே கிண்ணத்தில் கை வையுங்கள். பரக்கத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

வஸ்ஸலாம்.